பதினாலு இன்ச்

2011 நடுவில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வெளியிட்ட டெண்டர் ஒன்றை, தாம்பரத்தில் கம்ப்யூட்டர் தொழில் செய்த நாங்கள் வரி விடாமல் படித்தோம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்க முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்து 12 ஆயிரம் மிஷின் வேண்டும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்க வேண்டும் என்பது சுருக்கமாகவே எழுதப்பட்டிருந்தது: 14 இன்ச் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம். அன்றைக்கு ஒரு வங்கி ஊழியரோ கல்லூரி ஆசிரியரோ காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்றைத்தான் வாங்கியிருப்பார். ஏழைப் பிள்ளைக்குத்தானே என்று மிஷினில் எதையும் குறைக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். “அண்ணா, முப்பதாயிரத்துக்குள்ள நல்ல லேப்டாப் எது?” என்ற கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்பவர் முடிச்சூரிலிருந்து வரும் கல்லூரி மாணவியாக இருக்கலாம், பெருங்களத்தூரில் கேட்டரிங் நடத்துபவராக இருக்கலாம், சேலையூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம். மாடல் நம்பர் சொல்லி அனுப்புவது சுலபம், ஆறு மாதத்தில் அந்த நம்பர் மாறிவிடும். இந்தப் பக்கத்து மக்கள் கம்ப்யூட்டர் வாங்கப் பழகிய கதை தெரிந்தால் மாடல் நம்பர் எத்தனை மாறினாலும் ஏமாற மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் புதிதில்லை. குரோம்பேட்டை எம்ஐடி 1949-ல் தொடங்கியது. அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார், எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்தார். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-ல் வந்தது. அதன் கேட்டுக்குள்ளே சர்க்யூட் போர்டுகள் தயாராகிக் கப்பலேறின. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்கள் சால்டரிங் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆனாலும் உள்ளூர்க்காரன் ஒரு கீபோர்டு வாங்க வேண்டுமென்றால் ரயிலேறி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போக வேண்டும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பயணம் எங்களுக்கெல்லாம் பாடசாலை. பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது, 2004 வரை மீட்டர் கேஜ்தான். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நடந்து ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றுவோம். ரேடியோ வால்வும் டேப்ரிக்கார்டர் பெல்ட்டும் விற்ற கடைகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மாறிய காலம் அது. மூன்று நான்கு கடையில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்போம். திரும்பும்போது 15 இன்ச் சிஆர்டி மானிட்டர் வெண்டர் கம்பார்ட்மெண்டில் தயிர்க்கூடைக்கும் பூக்கூடைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கேபினெட் நம் மடியில்.

அந்தக் கொட்டேஷன் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிராசஸர் ஒரு வரி, மதர்போர்டு ஒரு வரி, ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர், கீபோர்டு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே தனித்தனி விலை இருக்கும். பணம் போதவில்லையென்றால் மொத்தத்தையும் கைவிட வேண்டியதில்லை. ஒரு வரியை மட்டும் மாற்றலாம். “இப்ப 128 எம்பி போதும் சார், போனஸ் வந்ததும் இன்னொரு 128 போட்டுக்கலாம்” என்பது அன்றாடப் பேச்சு. டிடிபி செய்பவர் மற்ற எதைக் குறைத்தாலும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டைக் குறைக்க மாட்டார், பத்து வருஷம் தட்டினாலும் எழுத்து அழியாமல் உழைக்கும். நியூமெரிக் யுபிஎஸ் வாங்க முடியாதவர் அதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளுவார். ஜவுளிக்கடைக் கணக்கருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவருக்கும்கூடத் தங்கள் மிஷினுக்குள் எத்தனை ராம் ஸ்லாட் இருக்கிறது, எது காலி என்று தெரிந்திருந்தது. வாங்கிய அன்றைக்கு முடிந்துபோகிற பொருளாக யாரும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, சிறுகச் சிறுகக் கட்டி முடிக்கும் வீட்டைப் போலத்தான் பார்த்தார்கள். தென்சென்னைப் புறநகரில் மனை வாங்கி, ஒரு அறை போட்டு, குடிவந்து, பிறகு மாடி எழுப்பியவர்களுக்கு இந்த வழி இயல்பாகவே பிடிபட்டது.

எச்சிஎல் 2005-ல் 9,990 ரூபாய்க்கு ஒரு பிசி கொண்டுவந்தது. பேச்சு கிளம்பியது. ஆனால் எங்கள் பக்கம் அசெம்பிள்டு சிஸ்டத்தின் பிடி தளரவில்லை. சர்வீஸுக்குக் கூப்பிட்டால் அதே தெருவிலிருந்து ஒருவன் ஸ்க்ரூ டிரைவரோடு வருவான் என்ற நிம்மதிக்கு ஈடாக எதுவும் இல்லை.

லேப்டாப் அப்போது வேறு உலகம். தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறந்தது, பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. கம்பெனி கொடுத்த லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு தாம்பரம் கிழக்கில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்துத்தான் லேப்டாப் பை என்ற பொருளே எங்களுக்கு அறிமுகம். சொந்தமாக வாங்கியவர் அபூர்வம். டெல் 2007-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை தொடங்கியது. முடிச்சூர் சாலை வழியாக ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏறினார்கள். அவர்கள் தயாரித்த பொருள் அவர்கள் வீட்டுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சில ஆண்டுகளில்தான் உலகம் முழுக்க ஒரு கேள்வி சூடாக இருந்தது: பணமில்லாதவருக்கு எந்தக் கம்ப்யூட்டர்? அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005-ல் நூறு டாலர் லேப்டாப் திட்டத்தை அறிவித்தார். பச்சை நிறத்தில், ஏழரை இன்ச் திரையோடு, குழந்தைக் கைக்கு அளவெடுத்த மிஷின் அது. வெளியே வந்தபோது விலை நூறு டாலரில் நிற்கவில்லை, ஏறக்குறைய இருநூறைத் தொட்டது. இந்திய அரசு 2006-லேயே வேண்டாம் என்றுவிட்டது. 2007-ல் அஸூஸ் கம்பெனியின் ஈ பிசி வந்தது, 7 இன்ச் திரை. அதன் பின்னே நெட்புக் என்று ஒரு கூட்டமே வந்தது. கடைசியாக 2011 அக்டோபர் 5-ல் டெல்லியில் ஆகாஷ் டேப்லெட்: 7 இன்ச், 256 எம்பி ராம், அழுத்தித் தொட்டால்தான் நகரும் திரை.

இவற்றைச் செய்தவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலையைக் குறைக்கத் திரையைக் குறைத்தார்கள், கீபோர்டைச் சுருக்கினார்கள். ஆனால் நெட்புக்கைக் கொண்டுவந்து காட்டிய பெற்றோரிடம் நான் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்யச் சொல்வேன். பையனைத் தமிழில் ஒரு பக்கக் கட்டுரை அடிக்கச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் இரண்டு கையும் முழுக்க விரிந்து வேலை செய்யும். ஏழு இன்ச் மிஷினில் விரல் மேல் விரல் ஏறும். எக்ஸெல்லில் சம்பளப் பட்டியல் திறந்தால் நான்கு நெடுவரிசை தெரியும், ஐந்தாவதற்கு இழுக்க வேண்டும். படம் பார்க்கலாம், பாட்டு கேட்கலாம். வேலை பார்க்க முடியாது. வேலை பார்க்க முடியாத மிஷினை ஏழைக்குக் கொடுத்தால் ஏழை அதை வைத்து என்ன செய்வார்?

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 2011 டெண்டரின் துணிச்சலை அளக்க வேண்டும். ஆகாஷுக்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திருவள்ளூர் மாவட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் கைக்குப் போனது 14 இன்ச் முழு லேப்டாப். அரசு கொடுத்த விலை ஒன்றுக்கு 14,000 ரூபாய் அளவில். கடையில் அதே தரத்துக்கு அதைவிட நிறையவே கூடுதல் கொடுக்க வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி கேட்டால் விலை இறங்கும் என்பதைப் புரிந்துகொண்டு, இறங்கிய விலையில் தரத்தைக் காப்பாற்றியது பெரிய காரியம். எண்ணிக்கை பின்னாளில் 50 லட்சத்தைத் தாண்டியது.

எதிர்ப்பும் இருந்தது. இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தேர்தல் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்ற நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அரசியல் வாதத்துக்குள் நான் போகவில்லை. மிஷினைப் பற்றிப் பேசவே எனக்குத் தகுதி.

வள்ளுவர் குருகுலம், கார்லி பள்ளி, சேலையூர், குரோம்பேட்டை என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து முதல் மிஷின்கள் என் கடைக்கு வந்தபோது எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அடிப்பக்கம் சில ஸ்க்ரூ கழற்றினால் ஒரு மூடி வரும். அதற்குள் ராம், ஹார்ட் டிஸ்க் இரண்டும் கைக்கெட்டும் இடத்தில். பேட்டரி இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் வெளியே வந்துவிடும். கீபோர்டு மேலே நான்கைந்து கொக்கியில் உட்கார்ந்திருக்கும், தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் எழும். அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் கை பழகியவனுக்கு இது தெரிந்த வீடு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். பாஸ் லினக்ஸைப் பலர் திறக்கவே இல்லை. திறந்த சிலர் பைத்தான் கற்றுக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பழுதுகள் வந்தன. சார்ஜர் குத்தும் இடம் தளர்வது முதல் புகார். ஒரே பிளக் பாயிண்ட் உள்ள வீட்டில் தரையில் வைத்துப் படிக்கும்போது யாராவது ஒயரில் கால் தடுக்குவார்கள், ஜாக் ஆடிவிடும். அடுத்தது ஹிஞ்ச். ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் திறக்கும் பழக்கத்தால் ஒரு பக்க ஹிஞ்ச் இறுகி, மூடியில் பதிந்த பித்தளை நட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதை அரால்டைட் வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஹிஞ்சைக் கொஞ்சம் தளர்த்தி மாட்ட வேண்டும். அவசரப்பட்டால் மறு வாரமே திரும்பி வரும். இன்று எந்த லேப்டாப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் திரையை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து பார்க்கிறேன். அடிப்பாகம் மேஜையிலிருந்து எழுந்தால் ஹிஞ்ச் அளவுக்கு மேல் இறுக்கம். விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த மாடலைச் சிபாரிசு செய்வதில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் மின்வெட்டு கடுமை. 2012-ல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. டெஸ்க்டாப்பும் யுபிஎஸ்ஸும் வைத்திருந்தவர்கள் திணறியபோது, அரசு லேப்டாப் வைத்திருந்த பெண் மெழுகுவத்தி வெளிச்சம்கூட இல்லாமல் புராஜெக்ட் அடித்து முடித்தாள். பேட்டரி என்பது பயணத்துக்கான வசதி என்று மற்ற நாட்டில் நினைத்திருக்கலாம், இங்கே அது கரண்ட் போன வீட்டின் விளக்கு. வீட்டிலிருந்தபடி டேட்டா என்ட்ரி எடுத்துச் செய்த அம்மாக்கள், மகனின் லேப்டாப்பில் டாலி கற்றுக்கொண்டு பல்லாவரத்தில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த அக்காக்கள் என்று எத்தனையோ பேர் என் கடைக்கு வந்து போனார்கள். திட்டத்தின் பயனாளி மாணவர் ஒருவர்தான். வேலை பார்த்தது குடும்பம்.

விற்றவர்களும் உண்டு. அரசு முத்திரையும் முதலமைச்சர் படமும் உள்ள லேப்டாப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம், போலீஸ் வழக்குகளும் பதிவாயின. என் கடையில் அவற்றைச் சர்வீஸுக்கு மட்டுமே எடுப்பேன், விலைக்கு வாங்கியதில்லை. விற்க வந்த பிள்ளைகளின் முகத்தில் குற்றம் இருந்ததில்லை, கல்லூரிக் கட்டணம் இருந்தது.

2015 டிசம்பர் 1. மறுநாள் காலை வரை இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் முதல் மாடி வரை தண்ணீர். நீர் வடிந்த பிறகு சாக்குப்பையிலும் பிளாஸ்டிக் பக்கெட்டிலும் லேப்டாப்புகள் வந்தன. அந்த டிசம்பர் முழுக்க எங்கள் கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், வெள்ளம் மறுபடி வந்தால் யாருக்காவது உதவும். முதலில் பேட்டரியைக் கழற்றுவோம். கீபோர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் தனியே. மதர்போர்டில் படிந்திருப்பது வெறும் தண்ணீர் அல்ல, சேறும் சாக்கடை உப்பும். நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து, சிப்களின் கால் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். ஹேர் டிரையர் சூடு ஆகாது, மின்விசிறிக் காற்று போதும். இரண்டு நாள் பொறுத்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ‘ஆன் ஆகுதா பார்க்கலாம்’ என்று வீட்டிலேயே சுவிட்ச் போட்டுப் பார்த்தவர்களின் போர்டுகள் அங்கேயே முடிந்துவிட்டன.

எங்களிடம் வந்தவர்கள் முதலில் மிஷினைக் கேட்கவில்லை. “தம்பி, உள்ள கல்யாண போட்டோ இருக்கு”, “அண்ணா, என் தீசிஸ்” என்றுதான் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. அதன் வழியே சேறு புகுந்திருந்தால் கதை முடிந்தது. புகாதவற்றை எடுத்து வேறு மிஷினில் மாட்டி ஃபைல்களைக் காப்பாற்றினோம். அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தக் காலத்து மலிவு லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் தனியாகக் கழன்று வந்ததுதான். போர்டு செத்தாலும் நினைவு பிழைத்தது. இன்றைய மலிவு மாடல் சிலவற்றில் ஸ்டோரேஜ் சிப்பையே போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள். அது பொதுவாக ஈஎம்எம்சி என்று விளம்பரத்தில் எழுதியிருக்கும். வெள்ளம் வரும் ஊரில் இருப்பவர்கள் அந்த நான்கு எழுத்தைப் பார்த்ததும் அடுத்த மாடலுக்குப் போய்விட வேண்டும்.

2018-க்குப் பிறகு எஸ்எஸ்டி விலை இறங்கியது எங்கள் தொழிலின் பொற்காலம் என்பேன். நான்கு நிமிஷம் ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்த 2012 லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயில் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, கூட ஒரு ராம் சேர்த்தால் அரை நிமிஷத்துக்குள் தயாராக நிற்கும். பழைய கொட்டேஷன் சீட்டின் வழி மறுபடி உயிர் பெற்றது. ஒரு வரியை மாற்றினால் மிஷின் புதிதாகும். குரோம்பேட்டையில் ஒரு ஜாப் டைப்பிங் அக்கா தன் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த லேப்டாப்பில் இன்றும் ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரங்கள் அடிக்கிறார். அதில் முதல் நாள் பாகம் என்று மிஞ்சியது உடம்பும் போர்டும்தான்.

பிறகு வந்த அரசு மிஷின்களில் லெனோவா இ41-25 எங்கள் கடையில் அதிகம் புழங்கியது. ஏஎம்டி பிராசஸர், 4 ஜிபி ராம். அடக்கமான மிஷின், ஆனால் அதிலும் ராமும் டிஸ்க்கும் மாற்ற வழி இருந்தது.

2020 மார்ச் 24 இரவு நாடு பூட்டப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கும் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் தனியாக இன்னொரு முழு ஊரடங்கு. ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலை என்றன, பள்ளிகள் ஆன்லைன் என்றன. ரிச்சி ஸ்ட்ரீட் மூடிக் கிடந்தது. ஒரு வீட்டில் அப்பாவுக்கு மீட்டிங், அக்காவுக்குக் கல்லூரி, தம்பிக்கு ஏழாம் வகுப்பு என்றால் ஒரு லேப்டாப் எப்படிப் போதும்? பரணில் கிடந்த அரசு லேப்டாப்புகள் எல்லாம் கீழே இறங்கின. கேமரா வேலை செய்கிறதா, மைக் கேட்கிறதா என்று யாரும் அதுவரை கவலைப்பட்டதில்லை. அந்த மாதங்களில் அவைதான் பெரிய கேள்வி. அதே நேரத்தில் அரசு லேப்டாப் திட்டம் நின்றுபோனது. ஊரடங்கில் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளுக்கு, எப்போது மிகவும் தேவைப்பட்டதோ அப்போது லேப்டாப் வரவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது. ஐந்து இன்ச் போன் திரையில் இயற்பியல் படித்த ஒரு தலைமுறை இந்தப் புறநகரில் இருக்கிறது.

புதியது கிடைக்காதபோது பழையது கைகொடுத்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பிரிட்டிஷார் காலத்தில் மாட்டுச் சந்தையாக ஆரம்பித்தது. பழைய டிரங்க் ரோட்டில் புறா, பூச்செடி, கதவு ஜன்னல், சைக்கிள் என எல்லாம் கிடைக்கும் அந்த வரிசையில் கீபோர்டும் மானிட்டரும் சார்ஜரும் கூறுகட்டி விற்கும். உதிரி பாகத்துக்கு நல்ல இடம். ஆனால் அங்கே முழு லேப்டாப் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன், பில் இல்லாத பொருள் யாருடையது என்று தெரியாது. பில்லோடு வரும் பழைய லேப்டாப்புக்கு வேறு வழி இருக்கிறது. ஓஎம்ஆர் கம்பெனிகள் லீஸுக்கு எடுத்த மிஷின்களை மூன்று நான்கு ஆண்டில் திருப்பிவிடுகின்றன. அவை மொத்தமாக ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, ரீஃபர்பிஷ்டு என்று கடைக்கு வருகின்றன. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக். ஒரு காலத்தில் கிழக்குத் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் முதுகில் பார்த்து ஏங்கிய அதே வகை மிஷின் இன்று இருபதாயிரத்தைச் சுற்றிய விலையில் டிபன் கடைக்காரர் கல்லாவில் இருக்கிறது. 2018-ன் திங்க்பேட் டி480-ஐ நான் தைரியமாகச் சிபாரிசு செய்கிறேன். ராம் ஸ்லாட் இரண்டு, பின்பக்கப் பேட்டரியைக் கையால் கழற்றலாம், கீபோர்டு ஒரு டைப்பிஸ்ட்டின் அடியைத் தாங்கும்.

அதற்குக் கீழே பழையதாகப் போனால் ஒரு தடை உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல் மிஷினில் குறைந்தது எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏழாம் தலைமுறை மிஷினைப் பத்தாயிரத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிரவுசரும் லிப்ரேஆபீஸும் போதும் என்பவர்களுக்கு நான் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். பாஸ் லினக்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைக் கண்டு மிரளுவதில்லை.

மத்திய அரசு 2023 ஆகஸ்ட் 3-ல் லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் என்று திடீரென அறிவித்தது, மறுநாளே தள்ளிவைத்து, பிறகு பதிவு முறையாக மாற்றியது. அந்த ஒரு வாரம் கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் பட்ட பதற்றம் சாதாரணமல்ல. ஆனால் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற அழுத்தம் தொடர்ந்தது, பலனும் எங்கள் வாசலிலேயே வந்தது. 2025 ஜனவரியில் மெப்ஸ் வளாகத்தில் சிர்மா எஸ்ஜிஎஸ் ஆலையின் லேப்டாப் அசெம்பிளி லைனை மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் திறந்துவைத்தார். தைவானின் எம்எஸ்ஐ கம்பெனிக்காக ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் தொடங்கி, பத்து லட்சம் வரை போகும் திட்டம். மானிட்டரை ரயிலில் தூக்கி வந்த ஊரில் இன்று லேப்டாப்பே தயாராகிறது. அந்த லைனில் எங்கள் தெருப் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

இனி, கடைக்கு வரும் கேள்விக்கு இன்றைய பதில். புதியது வாங்குவதானால் 8 ஜிபி ராமுக்குக் கீழே வேண்டாம். 512 ஜிபி எஸ்எஸ்டி கிடைத்தால் நல்லது, 256 போதும், ஆனால் அது கழற்றி மாட்டும் என்விஎம்இ கார்டாக இருக்க வேண்டும். ஐ3-யும் ரைசன் 3-யும் அலுவல் வேலைக்குத் தாராளம். ஐ7 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆறு தலைமுறை பழசுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “ராம் ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல சால்டர் பண்ணதா?” அவருக்குத் தெரியாவிட்டால், அங்கேயே நின்று மாடல் எண்ணைப் போனில் தேடிப் பாருங்கள். அப்புறம், சர்வீஸ் சென்டர் எங்கே என்று பாருங்கள். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வேளச்சேரியிலோ இருந்தால் சரி. வேலைக்குப் போகிறவர் அரை நாள் லீவு போட்டுத்தான் மவுண்ட் ரோடு போக முடியும் என்றால், அந்த அரை நாள் சம்பளத்தையும் லேப்டாப் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

2025 மார்ச் 14 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ‘அல்லது டேப்லெட்’ என்ற சொல்லைக் கேட்டு எனக்குத் திக்கென்றது. பிறகு வந்த எல்காட் டெண்டர் லேப்டாப்பையே கேட்டது, 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டது. 2011-ல் போட்ட கோட்டை யாரும் அழிக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். அடுத்த டெண்டர் எழுதுகிற அதிகாரிகளிடம் எனக்கு இரண்டு கோரிக்கை. ராமைப் போர்டோடு சால்டர் செய்யக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பேட்டரி, கீபோர்டு, ஹிஞ்ச் மூன்றும் ஐந்து ஆண்டுக்கு உதிரியாகக் கிடைக்க வேண்டும், அதற்கான விலைப் பட்டியலை டெண்டரிலேயே கம்பெனி கொடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அவ்வளவு பெரிய ஆர்டரில் இந்த இரண்டு வரிக்கு எந்தக் கம்பெனியும் மறுப்புச் சொல்லாது, அரசு கேட்டுவிட்டால் கடைக்கு வரும் மாடல்களும் அப்படியே மாறும்.